விழக் கற்ற பிள்ளைகள்

1972-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் வெளிவந்து, அந்நகரத்துத் திரையரங்குகளின் வசூல் கணக்குகளையெல்லாம் புரட்டிப்போட்ட 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' என்ற படத்தின் இறுதிக் கட்டத்தில், ஜப்பானியப் பயிற்சிக்கூடத்தின் தலைவனான சுசுகி என்பவனைப் புரூஸ் லீ ஓங்கி ஓர் உதை உதைக்க, அந்த மனிதன் மரச்சட்டமும் காகிதமுமாக அமைந்த சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்து, தோட்டத்துத் தரையில் விழுந்து உயிர்விடுவதைப் பார்த்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். சுசுகியாக நடித்தவர் ரிகி ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய நடிகர். ஆனால், பறந்து விழுந்த தேகம் அவருடையதன்று. பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு சீன இளைஞனுடையது. அந்த இளைஞன் சினிமாவுக்குப் புதியவனல்லன். பத்தாண்டுகளுக்கு முன், 1962-இல், 'பிக் அண்ட் லிட்டில் வாங் டின் பார்' என்ற படத்தில் பால நடிகனாகத் திரையில் தோன்றியவன். குழந்தையாக இருந்தபோது முகத்தைக் காட்டிப் பேசி நடித்தவன், வாலிபனானபோது இன்னொருவரின் உடையை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதபடி விழுந்து கொடுத்துத் தினக்கூலி வாங்கிக்கொண்டு போனான். ஜாக்கி சான் என்ற பெயர் அப்போது அவனுக்கு வந்திருக்கவில்லை.

பால நடிகர்களின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி எழுதப் புகுந்தால், அவர்கள் புகழிழந்து மறைந்துபோன சோகத்தையோ அல்லது நட்சத்திரங்களாக உயர்ந்த மகிமையையோ மட்டும் சொல்லுவது பத்திரிகை உலகின் வழக்கமாக இருந்துவருகிறது. இவ்விரு சாராருக்கும் நடுவே, சினிமாவை விட்டு நீங்காமலும், சினிமாவில் முகம் காட்டாமலும், பிறருடைய கீர்த்திக்காகத் தம் எலும்புகளைப் பணயம் வைத்து உழைத்த மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. 1960-களில் ஹாங்காங்கில் குழந்தைகளாக மேடையேறி, 1970-களில் 'டூப்' போட்டு அடி வாங்கி, 1980-களில் உலகத் திரைப்படங்களின் சண்டைக் கலையையே மாற்றியமைத்த ஒரு சில மாணாக்கரின் சரித்திரத்தில் இந்த மூன்றாவது கூட்டத்தின் வாழ்க்கை தெளிவாகத் தெரிகிறது. ஜாக்கி சானை உலகம் அறியும். சாம்மோ ஹங், யுவென் பியாவ், யுவென் வா, கோரி யுவென், யுவென் சியூ ஆகியோரை அந்த அளவுக்கு அறியாது. ஆயினும் இவர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே ஆசானின் கண்காணிப்பில், ஒரே பிரம்புக்கு அஞ்சி வளர்ந்தவர்கள். ஆகையால் ஒருவருடைய வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

அந்தக் கூரை, கௌலூன் பகுதியில் நேத்தன் சாலையில் உள்ள மிராடோர் மாளிகை என்ற கட்டடத்தில் இருந்தது. பீக்கிங்கில் 1905-இல் பிறந்து, ஓபரா என்று உலகம் அழைக்கும் அந்நகரத்து இசை நாடகக் கலையில் தேர்ச்சி பெற்று, பின்பு தெற்கே வந்து ஹாங்காங்கில் குடியேறிய யூ ஜிம் யுவென் என்ற ஆசான், சீன நாடகக் கழகம் என்ற பெயரில் அங்கே ஒரு குருகுலத்தை நடத்திவந்தார். பாட்டு, வசனம், அபிநயம், போர் வித்தை என்ற நான்கும் பீக்கிங் ஓபராவின் நான்கு அங்கங்கள். ஒரு நடிகன் நான்கிலும் வல்லவனாக இருந்தாலொழிய மேடையில் நிற்க முடியாது. இந்த நான்கையும் குழந்தைப் பருவத்திலேயே தேகத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது அக்கலை மரபின் திடமான நம்பிக்கை. எலும்பு முற்றிய பிறகு வளையாது என்பார்கள்.

ஜாக்கி சானின் தந்தை பிரெஞ்சுத் தூதரக அதிகாரியின் வீட்டில் சமையற்காரராக வேலை பார்த்தவர். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் அமெரிக்கத் தூதரகத்தில் அவருக்குச் சமையல் வேலை கிடைத்தபோது, படிப்பில் மனம் பற்றாமல் ஓடியாடித் திரிந்த ஏழு வயது மகனைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் யூ ஆசானிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். உணவும் உடையும் இருப்பிடமும் வித்தையும் ஆசானின் பொறுப்பு. அந்தப் பத்தாண்டுகளில் பிள்ளை சம்பாதிக்கும் பணம் ஆசானுக்குச் சொந்தம். இதுவே ஒப்பந்தத்தின் சாரம். சாம்மோ ஹங்கோ கலைக் குடும்பத்துப் பிள்ளை. பாட்டி சின் சி ஆங், சீனத் திரையின் ஆரம்பகால வீராங்கனை நடிகையருள் ஒருவர். பாட்டனார் திரைப்பட இயக்குநர். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவனுக்கும், சமையற்காரரின் மகனுக்கும் அந்தப் பள்ளியில் கிடைத்த பாய் ஒன்றுதான், பிரம்பும் ஒன்றுதான். ஆசானின் பெயரிலிருந்த 'யுவென்' என்பதை எல்லா மாணாக்கரும் தத்தம் பெயரின் முன்னே தாங்கினர். ஜாக்கி சான் அங்கே யுவென் லோ; சாம்மோ ஹங், யுவென் லுங்.

நம்முடைய நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் தழைத்திருந்த பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. வறுமையின் காரணமாகப் பெற்றோர் பிள்ளையைக் கம்பெனியில் சேர்த்துவிடுவதும், கம்பெனியே வீடாகவும் வாத்தியாரே தாயும் தந்தையுமாகவும் ஆகிவிடுவதும், ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பிள்ளைகளைப் பிரித்துப் பழக்குவதும் இரண்டிடத்திலும் ஒரே விதமாக நடந்திருக்கின்றன. ஒரு வித்தியாசம் என்னவென்றால், நம்முடைய கம்பெனிப் பிள்ளைகளுக்குக் குரலே மூலதனம். அந்தப் பிள்ளைகளுக்குத் தேகமே மூலதனம்.

விடியுமுன் எழுந்து நள்ளிரவு வரையில் நீண்ட அப்பியாசம். சுவரில் காலைத் தூக்கி வைத்துத் தொடை நரம்புகளை இழுத்து நீட்டுவது, பல்டி அடிப்பது, ஈட்டியும் வாளும் சுழற்றுவது, குரல் பயிற்சி, பிறகு மறுபடியும் பல்டி. தலைகீழாகக் கைகளை ஊன்றி நெடுநேரம் நிற்பது அந்தப் பள்ளியில் பயிற்சியாகவும் இருந்தது, தண்டனையாகவும் இருந்தது. ஒருவன் தவறு செய்தால் எல்லோரும் அனுபவிக்க வேண்டும். பிரம்படி அன்றாட நிகழ்ச்சி. இவற்றையெல்லாம் ஜாக்கி சானும் சாம்மோ ஹங்கும் பிற்காலத்தில் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

கைதேர்ந்த பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, 'ஏழு சிறு அதிர்ஷ்டங்கள்' என்ற பெயரில் ஆசான் ஒரு குழுவை அமைத்தார். பெயரில்தான் ஏழு, காலத்துக்குக் காலம் பிள்ளைகள் மாறிக்கொண்டிருந்தமையால், பிற்காலத்தில் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடத் தகுதி படைத்தவர்கள் ஏழு பேரைக் காட்டிலும் அதிகம். லாய் சீ கோக் என்ற இடத்தில் இருந்த லாய் யுவென் கேளிக்கைப் பூங்காவின் அரங்கில் அவர்கள் ஆடினார்கள். ராட்டினமும் தின்பண்டக் கடைகளும் நிறைந்த அந்தப் பூங்காவுக்குப் பொழுதுபோக்க வந்தவர்கள் பெரும்பாலும் கான்டனீஸ் பேசுகிறவர்கள். மேடையில் ஒலித்ததோ வடதேசத்துப் பாஷை. ஆகவே பாட்டையும் வசனத்தையும்விட, பிள்ளைகளின் பல்டியும் வாள்வீச்சுமே அந்தக் கூட்டத்தை உட்கார வைத்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

சினிமாவின் வாசல் இந்தப் பிள்ளைகளுக்கு வெகு சமீபத்தில் இருந்தது. ஆசானின் மகள் யூ சோ சாவ், 1950-களிலும் 1960-களிலும் வீரசாகசப் படங்களில் கொடிகட்டிப் பறந்த நடிகை. ஸ்டூடியோக்களுக்குக் குழந்தைகள் தேவைப்பட்டபோது பள்ளியிலிருந்து பிள்ளைகள் போனார்கள். சாம்மோ ஹங் 1961-இல் 'எஜுகேஷன் ஆஃப் லவ்' என்ற படத்தில் தோன்றினான். அடுத்த ஆண்டு ஜாக்கி சானின் முதற்படத்திலும் அவன் உடன் இருந்தான். அரிதாரமும் விளக்கொளியும், பள்ளியின் பயிற்சிக் கூடத்தைவிட்டு ஒரு பகல் வெளியே இருக்கும் சந்தோஷமும் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. சம்பளத்தின் பெரும்பகுதி ஆசானுக்குப் போயிற்று.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிரம்புதான் இவர்களைக் கலைஞர்களாக்கியது என்று பேசுவோர் அந்த நாட்டிலும் உண்டு, நம் நாட்டிலும் உண்டு. வெற்றி பெற்ற மாணாக்கர்களே நன்றிப் பெருக்கில் அப்படிச் சொல்லிவிடுவதும் உண்டு. நான் அதை ஒப்பவில்லை. அதே கூடத்தில் அதே அடியை வாங்கிக்கொண்டு, பிறகு கலையிலும் சேராமல், படிப்பும் இல்லாமல், ஏதோ ஒரு ஜீவனோபாயத்தைத் தேடிக்கொண்டு போன பிள்ளைகளின் சாட்சியத்தை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. ஏட்டுக் கல்வி அங்கே பெயரளவுக்குத்தான் இருந்தது. எழுதவும் படிக்கவும் தாம் பெரியவனான பிறகும் தடுமாறியதை ஜாக்கி சானே ஒப்புக்கொண்டிருக்கிறார். பல தலைமுறைகளாகச் செப்பனிடப்பட்ட ஒரு மகத்தான கலை, இடைவிடாத பத்தாண்டு சாதகம், ஒருவன் தவறி விழுந்தால் மற்றவன் தாங்கிப் பிடிக்கும் சகோதர பாவம் ஆகிய மூன்றும் அவர்களை உருவாக்கின. பிரம்பு அவர்களுக்குக் கொடுத்தது, வலியை முகத்தில் காட்டாமல் இருக்கும் பழக்கம் ஒன்றைத்தான். அந்தப் பழக்கம் பின்னால் வந்த முதலாளிகளுக்குச் சௌகரியமாக இருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கசந்துபோகிறது.

1960-களின் இறுதியில் பீக்கிங் ஓபராவுக்கு ஹாங்காங்கில் ரசிகர்கள் அருகிவிட்டார்கள். பத்தாண்டு பாடுபட்டுக் கற்ற வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகளுக்கு, அந்த வித்தையை ஆடிக்காட்ட மேடையில்லை. வேறு தொழிலும் தெரியாது. பாலகனாக இருந்தபோது அழைத்த ஸ்டூடியோக்களும், குரல் உடைந்து மீசை அரும்பிய வாலிபனுக்கு வசனம் பேசும் வேஷம் கொடுக்கத் தயாராக இல்லை. ஆனால் அச்சமயத்தில் ஷா பிரதர்ஸ் கம்பெனி கிளியர்வாட்டர் பே பகுதியில் இருந்த தன் பெரிய ஸ்டூடியோவில் வாள்வீச்சுப் படங்களைச் சரமாரியாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. 1970-இல் ரேமண்ட் சோவ் தொடங்கிய கோல்டன் ஹார்வெஸ்ட் கம்பெனியும் போட்டிக்கு வந்தது. வெட்டுப்பட்டு விழுவதற்கு அன்றாடம் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். டிராகனும் புலியும் சேர்ந்த வீரர்கள் என்று அந்நாட்டில் அழைக்கப்பட்ட ஸ்டண்ட் நடிகர்களின் கூட்டத்தில் யூ ஆசானின் மாணாக்கர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தனர்.

டூப் போடுகிறவனுடைய வேலை எத்தகையது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கதாநாயகனோ வில்லனோ, யாருக்குப் பதிலாக அவன் நிற்கிறானோ, அந்த நடிகரின் நடை, தோள் அசையும் விதம், கையை ஓங்குவதற்கு முன் அவர் தலையைச் சாய்க்கும் பழக்கம் ஆகிய யாவற்றையும் அவன் உடலில் வாங்கிக்கொள்ள வேண்டும். கேமரா எங்கே இருக்கிறது என்பதை முதுகினால் உணர்ந்து, எக்கணத்திலும் முகம் அதன் பக்கம் திரும்பாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். விழுவதற்கு முன் மூச்சை வெளியே விட்டு, மோவாயை மார்போடு ஒட்டவைத்து, அடியை ஒரே இடத்தில் வாங்காமல் தோள், முதுகு, புட்டம் எனப் பரவலாக்க வேண்டும். கீழே இருப்பது அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்ட படுக்கை. சில சமயங்களில் அதுவும் இருக்காது. இத்தனையும் முடிந்து எழுந்தவுடன், முகத்தில் வலி தெரிந்தால் மறுநாள் வேலை கிடைக்காது.

இந்த வித்தையில் இவ்விளைஞர்கள் மற்றவர்களைவிட உயர்ந்து நின்றதற்குக் காரணம் வெளிப்படை. மேசைமேல் மேசையாக அடுக்கி, உச்சியில் ஏறி நின்று, அங்கிருந்து பின்புறமாகப் பல்டியடித்து மேடையில் வந்து இறங்கிக் கம்பீரமாக நிற்பது ஓபராவில் வீரர் வேஷக்காரனின் சோதனை. கீழே விரித்திருப்பது ஒரு கம்பளம் மட்டுமே. இறங்கும்போது தடுமாறினால் சபையோருக்குத் தெரிந்துவிடும். குழந்தைப் பிராயத்திலேயே இதைப் பழகியவனுக்கு மாடியிலிருந்து மெத்தையின்மேல் குதிப்பதில் கை நடுங்குமா?

புரூஸ் லீயும் பால நடிகராகத் தொடங்கியவரே. 1950-இல் வெளிவந்த 'தி கிட்' என்ற படத்தில் சிறுவனாகவும், பத்தாண்டு கழித்து 'தி ஆர்ஃபன்' படத்தில் வாலிபனாகவும் நடித்துப் பெயர் வாங்கியவர். அவருடைய உதையும் குத்தும் அவருடையவை. ஆனால் அந்தரத்தில் சுழலும் பல்டி அவருடைய மார்க்கத்தில் பயின்ற வித்தை அன்று. 'என்டர் தி டிராகன்' படத்தில் எதிரியைக் காலால் தாக்கியபடியே அவர் பின்புறமாகப் பல்டி அடிக்கும் அந்தப் புகழ்பெற்ற கணத்தில், நாம் பார்ப்பது யுவென் வாவின் தேகத்தை. 1973-இல் உலகமெங்கும் ஓடிய அப்படத்தைக் கண்டு வியந்தவர்களில் யுவென் வாவின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதே படத்தின் தொடக்கத்தில் புரூஸ் லீயோடு மோதித் தோற்பவர் சாம்மோ ஹங். நிலவறைச் சண்டையில் கழுத்து முறிபடுகிறவர் ஜாக்கி சான்; அந்தப் படப்பிடிப்பில் புரூஸ் லீயின் கோல் தவறுதலாகத் தம் முகத்தில் பட்டுவிட, காட்சி முடிந்தவுடன் அவர் ஓடிவந்து வருத்தம் தெரிவித்ததையும், அந்தப் பரிவு இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கட்டுமே என்று வலியைச் சற்றுக் கூட்டிக் காட்டியதையும் ஜாக்கி சான் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புகழின் உச்சியில் நிற்கும் ஒருவர் தன்னை மனிதனாக எண்ணிக் கவனித்தது, முகமற்ற வேலை செய்யும் பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது!

1973 ஜூலை 20-ஆம் தேதி புரூஸ் லீ மறைந்தார். சண்டைப் படங்களுக்கு இருந்த மவுசு குறைந்தது. தினக்கூலிக்கு விழுந்து கொண்டிருந்தவர்களுக்கு விழவும் வேலையில்லை. ஜாக்கி சான் பெற்றோரிடம் கான்பெராவுக்குப் போய்க் கட்டட வேலை செய்தார். அவருடைய சீனப் பெயர் வாயில் நுழையாத சக தொழிலாளிகள் வைத்த பெயரே பிற்காலத்தில் உலகம் அறிந்த பெயராயிற்று. 1976-இல் கதாநாயகனாக நடிக்க அழைப்பு வந்து ஹாங்காங் திரும்பியவரை, இயக்குநர் லோ வெய் இன்னொரு புரூஸ் லீயாக ஆக்கப் பார்த்தார், படங்கள் எடுபடவில்லை. 1978-இல் யுவென் வூ பிங் இயக்கிய 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' என்ற இரு படங்களில்தான், அடி கொடுக்கும் வீரனாக அல்லாமல் அடி வாங்கி, அலறி, தடுக்கி விழுந்து, மறுபடியும் எழுகிற மனிதனாக அவர் வெளிப்பட்டார். ஸ்டண்ட் நடிகனாகக் கழித்த ஆண்டுகள் வீணாகவில்லை. அந்த ஆண்டுகளையே அவர் கதாநாயகனாக்கிவிட்டார்.

சாம்மோ ஹங் இதற்குள் கோல்டன் ஹார்வெஸ்டில் சண்டைக் காட்சிகளை அமைக்கும் ஸ்டண்ட் மாஸ்டராக உயர்ந்து, 1977-இல் 'தி அயர்ன் ஃபிஸ்டட் மங்க்' படத்தின் மூலம் இயக்குநராகவும் ஆகியிருந்தார். இருவரும் தத்தமக்கென ஸ்டண்ட் குழுக்களை அமைத்துக்கொண்டனர். இந்தக் குழுக்களின் சண்டைக் காட்சிகளைக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். அடிகள் மடமடவென்று ஐந்தாறு விழுகின்றன. பிறகு இருவரும் ஒரு கணம் அசையாமல் நிற்கிறார்கள். மறுபடியும் மடமடவென்று அடிகள். இது பீக்கிங் ஓபராவின் தாளம். அங்கே மத்தளக்காரரின் தலைமையில் தாளவாத்தியங்கள் முழங்க, வீரர்கள் சுழன்று மோதி, முத்தாய்ப்பு விழுந்ததும் சிலை போல் நிலைத்துச் சபையோரைப் பார்ப்பார்கள். வாத்தியங்கள் இல்லாத சினிமாவிலும் அந்தத் தாளம் அந்தப் பிள்ளைகளின் தசைகளுக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது. மேடையில் மடிந்துகொண்டிருந்த ஒரு கலை, தன்னைக் கற்றவர்களின் தேகத்துக்குள் ஒளிந்துகொண்டு திரையில் வந்து உயிர்த்த இந்த விஷயத்தை, சாகசக் கதைகளைக் காட்டிலும் பெரிய அதிசயமாக நான் கருதுகிறேன்.

ஜாக்கி சான், சாம்மோ ஹங், யுவென் பியாவ் என்ற பள்ளித் தோழர்கள் மூவரும் சேர்ந்து நடித்த 'புராஜெக்ட் ஏ' 1983-இல் வெளிவந்தது. கடிகாரக் கோபுரத்தின் முள்ளைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ஜாக்கி சான், பிடி நழுவி, இடையிலுள்ள இரண்டு துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழுகிறார். 1923-இல் ஹெரால்ட் லாயிட் 'சேஃப்டி லாஸ்ட்' என்ற ஊமைப்படத்தில் கடிகார முள்ளில் தொங்கியதை நினைவூட்டும் காட்சி இது. ஆனால் லாயிட் விழவில்லை; இவர் விழுந்தார். பல நாட்கள் மேலே ஏறிப் பிடியை விட மனம் வராமல் இறங்கி வந்திருக்கிறார். ஒரு முறைக்கு மேல் விழுந்து படமெடுத்து, அந்த வீழ்ச்சிகளைப் படத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டவும் செய்தார். கழுத்தில் பலத்த அடி.

அக்காலத்தில் அவர் கைக்கொண்ட ஒரு வழக்கம் மற்றெல்லாவற்றையும்விட என் மனத்தைக் கவர்கிறது. 1981-இல் 'தி கேனன்பால் ரன்' என்ற அமெரிக்கப் படத்தில் சிறு வேஷத்தில் நடித்தபோது, அதன் இயக்குநர் ஹால் நீதம் படத்தின் முடிவில், பெயர்கள் ஓடும் நேரத்தில், படப்பிடிப்பில் நேர்ந்த தவறுகளைக் காட்டியதை ஜாக்கி சான் கண்டார். நீதமும் ஸ்டண்ட் நடிகராக இருந்து இயக்குநரானவர். அவர் சிரிப்புக்காகக் காட்டியதை ஜாக்கி சான் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். படம் முடிந்து ரசிகர்கள் எழுந்திருக்கும் வேளையில், தவறிய குதிப்பும், கிழிந்த நெற்றியும், தூக்கிச் செல்லப்படும் சகாவும் திரையில் வருகின்றன. பின்புறமாக மட்டுமே தோன்றிய ஒருவன், வலியோடு திரும்பிப் பார்க்க, அவனுக்கும் ஒரு முகம் இருப்பதை அப்போதுதான் நாம் காண்கிறோம். எந்தத் தொழிலின் இலக்கணம் முகத்தை மறைப்பதோ, அந்தத் தொழிலைச் செய்தவர்களுக்கு முகத்தைத் திருப்பிக் கொடுத்தது இந்தச் சில நிமிஷப் படச்சுருள்.

1985-இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யின் தொடக்கத்தில், விரைந்து வரும் மாடி பஸ் திடீரென்று நிற்க, மேல் தளத்தில் இருந்த கயவர்கள் முன் ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து விழுகிறார்கள். எதிரே நிறுத்திவைத்திருந்த காரின்மேல் அவர்கள் விழ வேண்டும் என்பது ஏற்பாடு. பஸ் சற்று முன்னதாகவே நின்றுவிட்டபடியால், அவர்கள் விழுந்தது தார்ச்சாலையில். அந்தக் காட்சியே படத்தில் இருக்கிறது. அதே படத்தின் இறுதியில், கடைவீதிக் கட்டடம் ஒன்றில் விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பற்றிக்கொண்டு பல தளங்கள் சறுக்கி இறங்கிய ஜாக்கி சானின் உள்ளங்கைகள் வெந்துபோயின. மறு ஆண்டு 'ஆர்மர் ஆஃப் காட்' படத்துக்காக யூகோஸ்லாவியாவில், சுவரிலிருந்து மரக்கிளைக்குத் தாவும் சாதாரணமான ஒரு காட்சி. முதல் முறை சரியாக வந்துவிட்டது. திருப்தியடையாமல் மறுபடியும் தாவினார். கிளை முறிந்து, கீழே பாறையில் தலை மோதி மண்டையோடு உடைந்தது. அறுவைச் சிகிச்சையால் உயிர் பிழைத்தார். ஒரு காதின் கேட்கும் சக்தி குறைந்துவிட்டது. அவருடைய குழுவினருக்குக் காப்பீடு செய்ய எந்தக் கம்பெனியும் முன்வராததால், சிகிச்சைச் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பார்கள். உள்ளத்தைத் தொடுகிற செய்தி. எனினும், ஒரு தலைவனின் நல்ல மனத்தை நம்பி எலும்பை முறித்துக்கொள்ளும் நிலையில் ஒரு தொழில் இருப்பது சரியாகுமா என்ற கேள்வி எழாமல் இல்லை.

வேறு பள்ளிகளில் பயின்றவர்களுக்கும் கதி இதுவே. லாம் சிங் யிங் என்ற ஓபராக் கலைஞர் மெல்லிய தேகவாகுடையவர். ஆகையால் ஷா பிரதர்ஸ் ஸ்டூடியோவில் நடிகைகளுக்கு டூப் போட்டார். அவருக்குச் சாம்மோ ஹங் 1981-இல் 'தி பிராடிகல் சன்' படத்தில் ஓபராக் குழுவின் ஸ்திரீபார்ட் நடிகராக, சண்டை வித்தையில் இணையற்றவராக ஒரு வேஷம் அமைத்துக் கொடுத்தார். அந்தப் படத்துக்காகவே, சண்டை அமைப்புக்கென ஹாங்காங் திரைப்பட விருதுகளில் புதிதாக ஏற்படுத்தப்பட்ட பரிசு 1983-இல் சாம்மோ ஹங், யுவென் பியாவ், லாம் சிங் யிங், பில்லி சான் ஆகியோருக்குக் கிடைத்தது. நம் தேசிய விருதுகளில் ஸ்டண்ட் மாஸ்டருக்கு ஓர் இடம் ஏற்பட்டது 2017-இல்தான். ஆஸ்கர் குழுவினரோ 2027-இல் வெளிவரும் படங்களிலிருந்துதான் சண்டை அமைப்புக்குப் பரிசு தருவதாக, 2025-இல் அறிவித்தார்கள். எட்டுத் திசையும் புகழும் ஒரு விருது, கூந்தல் ஒப்பனைக்கும் உடைக்கும் வெகு காலமாகப் பரிசு கொடுத்துவிட்டு, உயிரைப் பணயம் வைத்தவனை இத்தனை காலம் கண்ணெடுத்துப் பாராதிருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1988-இல் அலெக்ஸ் லா இயக்கிய 'பெயின்டட் ஃபேஸஸ்' என்ற படம் அந்தப் பள்ளியின் கதையைச் சொன்னது. யூ ஆசானாக நடித்தவர் சாம்மோ ஹங். தன்னை அடித்து வளர்த்தவரின் வேஷத்தைத் தானே போட்டு, பிரம்பைக் கையில் பிடித்து, சிறுவர்கள் வரிசையில் தன் பெயருடைய ஒரு பிள்ளையை நிறுத்திப் பார்க்க நேர்ந்த ஒரு மனிதனின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! கொடுமைக்காரராகவும் அவரைக் காட்டவில்லை, மகாத்மாவாகவும் காட்டவில்லை. தான் கற்ற ஒன்றைத் தவிர உலகில் வேறெதுவும் தெரியாத, அந்த ஒன்றுக்கும் மதிப்பில்லாத காலத்தில் வாழ நேர்ந்த முதியவராகக் காட்டினார். லாம் சிங் யிங் அதில் வயதான ஸ்டண்ட் நடிகராக வருகிறார். ஓபராவில் புகழ் பெற்றிருந்த அம்மனிதர், படப்பிடிப்பில் அடிபட்டு, சித்தம் கலங்கி, ஸ்டூடியோவின் உயரத்தில் ஏறிக்கொண்டு, பழைய மேடையில் இருப்பதாக எண்ணி ஆடத் தொடங்கும் காட்சியைப் பார்த்துக் கலங்காதவர் இருக்க முடியாது. சாம்மோ ஹங்குக்கு இப்படம் தைவானின் தங்கக் குதிரை விருதைப் பெற்றுத் தந்தது. யூ ஆசான் அமெரிக்காவில் வாழ்ந்து 1997-இல் காலமானார்.

யுவென் வா தொடர்ந்து வில்லனாகவும் துணை வேஷங்களிலும் நடித்து வந்தார். அவருடன் பள்ளியில் பயின்ற யுவென் சியூ, 1974-இல் ஜேம்ஸ் பாண்டின் 'தி மேன் வித் தி கோல்டன் கன்' படத்தில் பள்ளிச் சீருடையில் வந்து பயில்வான்களைப் பந்தாடியவர். பிறகு திரையை விட்டு விலகிக் குடும்ப வாழ்க்கையில் இருந்துவிட்டார். தோழி ஒருத்திக்குத் துணையாக நடிகர் தேர்வுக்குப் போயிருந்தவரை இயக்குநர் ஸ்டீபன் சோவ் கண்டு, 'குங் ஃபூ ஹஸில்' படத்தில் வீட்டுக்காரி வேஷத்துக்கு வற்புறுத்தி அழைத்தார். தலையில் சுருட்டுக் குழல்களும் உதட்டில் சிகரெட்டுமாக அவர் வந்து நிற்க, கணவராக யுவென் வா நடித்தார். குடித்தனக்காரர்களை அதட்டி வாடகை வசூலிக்கும் அந்தத் தம்பதிகள், ஒரு காலத்தில் பெரும் வீரர்களாக இருந்து, வித்தையை மறைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் என்று கதை. 2004-இல் வெளிவந்த அப்படத்துக்காக, அடுத்த ஆண்டு, ஐம்பத்து நான்கு வயதில் யுவென் வா ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு தங்கக் குதிரை விருது விழாவில் சிறந்த துணை நடிகைக்கான பரிசு யுவென் சியூவுக்குக் கிடைத்தது.